போட்டேன் என்னும் ஒரு சொல்

சிவனொளிபாத மலைக்கு யாத்திரை சென்றவர்கள் நல்லதண்ணியை மறந்திருக்க மாட்டார்கள். அட்டனிலிருந்து நோர்வூட்டையும் மஸ்கெலியாவையும் கடந்து வரும் பாதை ஓய்ந்து, மலையேறும் வழி தொடங்கும் ஊர் அது. டிசம்பர்ப் போயாவில் தொடங்கி வெசாக் போயா வரையில் அவ்வூர் உறங்குவதில்லை. தேநீர்க் கடைகளில் அடுப்பு அணைவதில்லை. நள்ளிரவில் பஸ்ஸிலிருந்து இறங்குவோர் குளிருக்குத் தொப்பியும் கம்பளியும் வாங்கிக்கொண்டு, உச்சியிற் சூரியோதயம் காணும் ஆவலோடு நடக்கத் தொடங்குவர். இருமருங்கிலும் இருளிற் கிடப்பவை தேயிலை மலைகள் என்பதை அவர்களிற் பலர் மறுநாள் இறங்கி வரும்போதுதான் காண்கிறார்கள். அம்மலைகளில் ஒருவருக்கு வேலை நிலைப்பதும் போவதும் எவ்வாறு என்று கேட்க யாத்திரிகருக்கு நேரம் ஏது?

நமக்கு அது பிழைப்பாகவே இருந்தது. 1986ஆம் ஆண்டில், நல்லதண்ணிக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு தோட்டத்தின் ஆபிஸில் நாம் கிளாக்கராக இருந்தோம். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டாம். 1975இல் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்கள் 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போகும் வரையிலான இடைக்காலம் அது. துரைமார் வெள்ளையர் அல்லர். எனினும் துரை துரைதான். பெரிய துரை, சின்னத்துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை என்ற படிவரிசை மாறாமல் இருந்தது. ஆபிஸ் மேசையின் பின்னால் பேனாவுடன் அமர்ந்திருந்த நமக்கும் அவ்வரிசையில் ஓர் இடம் உண்டு. அவ்விடம் சிறியது என்று அக்காலத்தில் எண்ணியிருந்தோம்.

தோட்ட வழக்கு அறியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. அங்கே ஒரு நாட்கூலிக்குப் பெயர் ‘பேர்’ என்பதே. செக்ரோலில் ஒருவருடைய பெயருக்கு நேரே அன்றைய குறி விழுந்தால் அவருக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தாலோ, பிரட்டுக்களத்துக்குப் பிந்தி வந்தாலோ அரைப்பேர். பெண்ணின் பேருக்கும் ஆணின் பேருக்கும் ஒரே சம்பளம் என்றானது 1984இல்தான். மனிதரின் பெயரும் அவருடைய கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட இடத்தில், ‘பேரை வெட்டிவிட்டார்கள்’ என்று ஒரு பெண் அழுதால் அவள் அழுவது பணத்துக்கு மட்டுமா என்று பிரித்துச் சொல்ல நம்மால் முடிந்ததில்லை.

வாரத்தில் ஒரு நாள் மாலை, தொழிலாளர் தம் குறைகளை ஆபிஸில் வந்து சொல்லலாம். லயத்துக் கூரை ஒழுகுவது, தண்ணீர்க் குழாய் உடைந்தது, பிரசவச் சகாயப் பணம் வராதது, அண்டை வீட்டுக் கோழி என்று எல்லாம் வரும். துரை சன்னலுக்கு உள்ளே. அவர்கள் வெளியே, பெரும்பாலும் மழையில். அப்படி ஒரு மாலையில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி வந்து நின்றார். முப்பது ஆண்டுக்கு மேலாகக் கொழுந்து பறிப்பவர். மழை நாட்களில் ஈரக் கொழுந்துக்கென்று மடுவத்திலே தராசிலிருந்து கழிவு வெட்டுகிறார்கள். முன்பு ஒரு கிலோவாக இருந்தது இப்போது இரண்டு ஆகிவிட்டது. வெயில் நாளிலும் அதே இரண்டு போகிறது என்பது அவருடைய முறைப்பாடு. ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் ஆறு கிலோ.

துரைக்கு அன்று கொழும்பிலிருந்து வந்த ஒரு கடிதத்தால் மனம் சரியில்லை. “குறித்துக்கொள்ளும்” என்று நம்மிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். நாமும் தலையசைத்தோம். முறைப்பாட்டுப் புத்தகம் மேசையின் மறுகோடியில் இருந்தது, மணி ஆறாகியிருந்தது. நாளைக்கு எழுதலாம் என்று விட்டுவிட்டோம். அந்த நாளை வரவில்லை.

பதினொரு நாள் கழித்து, அதே பெண்மணியைப் பற்றி நமது மேசைக்கு ஒரு காகிதம் வந்தது. கணக்கப்பிள்ளை எழுதியது. மதிய நிறுவையின்போது இன்னார் கழிவு சம்பந்தமாகத் தகாத வார்த்தை பேசி, கொழுந்தை எல்லார் முன்னிலையிலும் எறிந்துவிட்டு, உத்தரவின்றி மலையை விட்டு வெளியேறினார் என்பது அதன் சாரம். தேதி, நேரம், சாட்சிகளின் பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அன்று மாலைக்குள் அது கோப்பு ஆகி, கோப்புக்கு ஓர் இலக்கமும் கிடைத்துவிட்டது. மறுநாட் காலைப் பிரட்டில், விசாரணை முடியும் வரை வேலை இல்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அதற்கான கடிதத்தைத் தட்டச்சுச் செய்ததும் நாமே. அவருடைய குறை காற்றிற் போயிற்று. அவர்மீது சொல்லப்பட்ட குறை காகிதத்தில் ஏறிற்று. இரண்டும் ஒரே கழிவைப் பற்றியவை என்பது அப்போது நமக்கு உறைக்கவேயில்லை.

வேலை போவது என்றால் மலையகத்தில் என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பட்டணத்தில் வேலை இழந்தவன் மாலையில் தன் வீட்டுக்குத் திரும்பலாம். தோட்டத்திலோ லயத்துக் காம்பரா வேலையோடு ஒட்டியது. குடும்பத்தில் வேறு யாராவது வேலையில் இருந்தால் ஒருவாறு தப்பலாம். இல்லையேல் கூரையும் ஆட்டம் காணும். 1865ஆம் ஆண்டின் சட்டப்படி வேலையில் அசட்டையாக இருந்தவனையும் சொல்லாமல் விலகியவனையும் சிறைக்கே அனுப்பலாம் என்றிருந்தது. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஒரு பிணக்கு அன்று குற்றவியல் வழக்கு! அந்தத் தண்டனைகளும், கடனை எழுதித் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் விற்றது போன்ற துண்டு முறையும் 1920களின் தொடக்கத்திலேதான் ஒழிந்தன. அதன் பின்னரும் ‘பற்றுச்சீட்டு’ இருந்தது. பற்றுச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றால் தோட்டத்தை விட்டு வெளியேற்றிவிட்டார்கள் என்று பொருள். காரணம் கேட்க ஆள் இல்லை. 1931இல் அட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யர், தோட்டத்துக்குள் நுழையவே முன்பு புடவை வியாபாரியாக வேடமிட வேண்டியிருந்தது என்பார்கள்.

1940 ஜனவரி 10ஆம் தேதி, முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். தோட்டத்து ஏழைப் பெண்ணொருத்தியின் சார்பில் அதிகாரிகளைக் குறுக்குக் கேள்வி கேட்க ஒருவர் எழுந்து நின்றது அக்காலத்தில் புதுமை. அதே ஆண்டில் துரைமார் தரப்பும் சங்கங்களும் ஏழம்ச ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டன. தகராறு எழுந்தால் முதலில் பேச வேண்டும், பேசித் தீராவிடில் சமரசத்துக்குப் போக வேண்டும் என்ற வழி எழுத்தில் வந்தது அப்போதுதான். ஓர் உயிர் போன பிறகு வந்தது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சுதந்திரத்தின் பின் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டமும், அதற்கு 1957இல் செய்த திருத்தத்தால் தொழில் நியாய சபைகளும் வந்தன. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தாமாகவோ சங்கத்தின் மூலமாகவோ அங்கே முறையிடலாம். சபை பார்ப்பது, நீதியும் நியாயமுமான கட்டளை எது என்பதை. வேலை ஒப்பந்தத்தில் வேறு எது எழுதியிருந்தாலும் அதையும் மீறி நிவாரணம் வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. இந்தச் சபைகள் செல்லுமா செல்லாதா என்ற வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை போய், 1967இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் செல்லும் என்று தீர்ந்தது. ஒரு நீதிபதி மாறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாம் சில வேளைகளில் எண்ணுவதுண்டு. அதே 1967இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம், குறைகளை ஆராய்வது பற்றியே தனியாக ஒரு பரிந்துரை வெளியிட்டது. 1982இல் அது செய்த உடன்படிக்கையோ, ஒருவனுடைய நடத்தையைக் காரணம் காட்டி அவனை நீக்குமுன் அவன் தன் பக்கத்தைச் சொல்ல இடமளிக்க வேண்டும் என்கிறது. நம்மவர்க்கு இது ஜெனீவாவிலிருந்து வர வேண்டிய செய்தியன்று. கோவலன் கதையில் பாண்டியன் செய்த பிழை வேறென்ன? குற்றம் சாட்டிய பொற்கொல்லனே குற்றவாளி; அவன் சொல்லைக் கேட்ட மன்னன், எதிரியின் சொல்லைக் கேட்கவில்லை. ஊர் எரிந்தது.

சட்டம் இவ்வளவு இருந்தும், அட்டனுக்குப் போய் வழக்காடும் நிலைமை பலருக்கு இல்லை. வழக்கு நீளும், பஸ் சத்தம் வேண்டும், போகிற நாளுக்குப் பேர் இல்லை. ஆகையால் தோட்டத்து ஆபிஸில் நடக்கும் முதல் விசாரணையே பெரும்பாலோர்க்குக் கடைசி விசாரணையும் ஆகும். அதிலே எழுதப்படுவதுதான் பிற்பாடு எங்கே போனாலும் கூடவே போகும்.

ஒன்பதாம் நாள் விசாரணை நடந்தது. வேலையை நிறுத்திய பெரிய துரை தாமே விசாரிக்காமல் சின்னத்துரையிடம் விட்டது நல்லதாயிற்று. அவர் கண்டிப் பக்கத்துச் சிங்கள இளைஞர். தோட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம். தோட்டத் தமிழ் பேசுவார். அத்தமிழுக்கு ஒரு குணம் உண்டு. அது ஏவலிலேயே வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சின்னத்துரைமார் தமிழ் பழகக் கொழும்பில் அச்சிட்ட ஒரு கைநூலுக்கு ‘இங்கே வா’ என்றே பெயர். நம் சின்னத்துரை அன்று “வாங்க” என்றார். நாற்காலியும் போடச் சொன்னார். அப்பெண்மணி அமரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் தோட்டத் தலைவர்.

விசாரணை தமிழில் நடக்கும். பதிவு ஆங்கிலத்தில் ஆகும். அவர் சொல்லச் சொல்ல மொழிபெயர்த்து எழுதுவது நமது வேலை. என்ன நடந்தது என்று கேட்டதற்கு அவர் சொன்னார்:

“பிள்ளைக்காம்பராவிலருந்து ஆள் வந்திச்சுங்க, பேரனுக்கு ஜன்னின்னு. நான் கொழுந்தைப் போட்டுட்டுப் போயிட்டேனுங்க.”

நம் பேனா ஓடிற்று. ‘கொழுந்தை எறிந்துவிட்டு வெளியேறினேன்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினோம். மேசையின்மேல் இருந்த குற்றச்சாட்டிலும் எறிந்தார் என்றுதானே இருந்தது? ஒத்தாற்போல் விழுந்த சொல்லை மனம் சந்தேகிப்பதில்லை. கையெழுத்துப் போடக் காகிதத்தை நீட்டினோம். அவர் பெருவிரலை மைக்குக் கொண்டு போனார்.

அப்போது தலைவர் தடுத்தார். “சின்னத்துரை ஐயா, எழுதினதை ஒருக்கா தமிழ்ல வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.”

சாப்பாட்டு வேளை. கண்டக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். சின்னத்துரை ஒரு கணம் யோசித்துவிட்டு நம்மைப் பார்த்துத் தலையசைத்தார். வாசித்தோம். அந்த வரிக்கு வந்தபோது அம்மூதாட்டி நிமிர்ந்தார்.

“எறியலீங்க ஐயா. போட்டேன்னுதானே சொன்னேன்? தராசுல போட்டேன். எறிஞ்சிருந்தா கொழுந்து தரையில கெடந்திருக்குமே, யாரு பொறுக்கினது?”

கொழுந்து போடுவது என்றால் மடுவத்தில் கொழுந்தை நிறுக்கக் கொடுப்பது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அது தெரியாததன்று. மூன்று வேளையும் காதிற் கேட்ட சொல். அதைத்தான் எறிந்தேன் என்று எழுதியிருந்தோம்.

அந்த நிமிஷத்தில் நம் மனத்தில் எழுந்தது இரக்கம் என்று சொன்னால் பொய்யாகும். நம் மொழிபெயர்ப்பு பிழை என்று சின்னத்துரை முன்னாலும் கண்டக்டர் முன்னாலும் ஒப்புக்கொள்வதா என்பதே முதலில் எழுந்தது. அவர் இப்போது பேச்சை மாற்றுகிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நம்பியிருப்பார்கள். ஆபிஸ் ஐயாவின் சொல் அது. வாய்வரையில் வந்ததோ இல்லையோ, இத்தனை வருஷத்துக்குப் பின் நிச்சயமாகச் சொல்ல இயலவில்லை. இறுதியில், “அவர் சொன்னது போட்டேன் என்பதே, எழுதியது எமது பிழை” என்றோம். சின்னத்துரை ஒன்றும் சொல்லாமல் நிறுவைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அன்று மதியத்து நிரலில் அவருடைய பெயருக்கு நேரே ஒன்பது கிலோ என்று இருந்தது. எறிந்த கொழுந்தை யாரும் நிறுப்பதில்லை.

கணக்கப்பிள்ளையை அழைத்துக் கேட்டார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது. கொழுந்தை எறியவில்லைதான், இடுப்புப் படங்கை அவிழ்த்து எறிந்துவிட்டு ஓடினாள், போகிற போக்கில் கழிவு வெட்டுகிறவர்களின் பிள்ளை குட்டிகளைச் சொல்லித் திட்டினாள் என்றார். திட்டியதை அப்பெண்மணியும் மறுக்கவில்லை. “சொன்னேனுங்க. அன்னைக்கு வயிறு எரிஞ்சுச்சு” என்றார். கணக்கப்பிள்ளையைக் கொடியவர் என்று நாம் சொல்லமாட்டோம். மழைக் கொழுந்து பாக்டரியில் எடை குறைந்தால் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் தராசில் முன்கூட்டியே வெட்டிவைத்தார். அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரைக் கேட்ட கேள்விகளை எந்த விசாரணையும் பதிவு செய்ததில்லை.

உத்தரவில்லாமல் மலையை விட்டுப் போனதற்கும் திட்டியதற்கும் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, அவ்வளவே தண்டனை. மறுநாள் அவர் பிரட்டுக்கு வந்தார். பேரன் பிழைத்துக்கொண்டான். வேலையில்லாது நின்ற நாட்களுக்குச் சம்பளம் தர நிர்வாகம் முதலில் மறுத்தது. தலைவர் அதை அட்டன் தொழில் காரியாலயம் வரையில் கொண்டுபோனார். பேச்சுவார்த்தையின் பின் பாதி நாட்களுக்குப் பேர் போடச் சம்மதித்தார்கள். பாதி என்பது எந்த நியாயத்தில் என்று நமக்கு இன்றும் விளங்கவில்லை. குற்றம் இருந்தால் ஒன்றுமில்லை, இல்லாவிட்டால் முழுவதும் என்பதன்றோ கணக்கு? ஆனால் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் எல்லாரும் திருப்தியோடு எழுந்தார்கள். பாதி அப்படிப்பட்டது.

அதன் பின் வாக்குமூலங்களைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்குவது அந்த ஆபிஸில் வழக்கமாயிற்று. யாரும் உத்தரவிடவில்லை, சின்னத்துரை கேட்பார், நாம் வாசிப்போம்.

இக்காலத்துத் தகராறுகளின் சொற்கள் வேறு. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக நாட்சம்பளம் 1000 ரூபா என்றானது. அதற்குச் சற்று முன்பே கூட்டு ஒப்பந்தம் முறிந்திருந்தது. எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர் என்ற சண்டை அதற்குப் பின் பல தோட்டங்களில் மூண்டது. கிலோவைத் தீர்மானிப்பது தராசு, தராசின் அருகே நிற்பவர் இருவர், எழுதுகிறவர் ஒருவர். அந்த அமைப்பு நாம் கண்டதேதான்.

அப்பெண்மணியைப் பற்றி ஒன்று மிச்சம் உண்டு. பாதி நாட்களின் பணத்தையும் சேர்த்துச் சம்பளம் கொடுத்த அன்று அவர் சன்னலருகே வந்து, நோட்டுகளை இருமுறை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை.

“ஐயா, அந்தக் கழிவு விஷயம் என்னாச்சுங்க? அன்னைக்கு ஆபிசுல வந்து சொன்னேனே, நீங்க எழுதிக்கிட்டீங்களே.”

விசாரணையில் அதை யாரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. மேசையின் மறுகோடியிலிருந்த முறைப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினோம், அதில் இல்லை என்று தெரிந்திருந்தும். அவர் சன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

“எழுதவில்லை அம்மா” என்றோம்.

“அப்ப இப்ப எழுதுங்க” என்றார்.

அன்றைய தேதியை இட்டு, மழை நாளில் இரண்டு, வெயில் நாளிலும் இரண்டு, மூன்று நிறுவைக்கும் ஆறு என்று தமிழிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினோம்.